மோர் வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டு

1999இல் சென்னை அண்ணா சாலைக்குப் பின்புறம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த பயிற்சி நிலையத்தில் ஒரு ரூட்டரை முதன்முதலாக என் முன்னால் வைத்தார்கள். சிஸ்கோ 2501. அகலமான, தட்டையான தகரப்பெட்டி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை, முன்பக்கம் அழுத்திப் பார்க்க ஒரு பொத்தான்கூட இல்லை. பின்பக்கம் திருப்பினால் ஏதேதோ துளைகள். சாதாரண லேன் வயரைச் செருக அதில் இடமே கிடையாது; ஏயூஐ என்ற 15 முள் துளைக்கு டிரான்ஸீவர் என்று ஒரு குட்டிப் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பயிற்சி நிலையத்தில் நாங்கள் முப்பது பேர், ரூட்டர்கள் மூன்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் பாதி, பெட்டியோடு பேச்சுக் கொடுப்பதற்கே போய்விடும்.

பேச்சுக் கொடுக்க ஒரு வெளிர்நீல வயர் உண்டு. கன்சோல் கேபிள். தட்டையாக, ரிப்பன் மாதிரி இருக்கும். ஒரு முனை ரூட்டரில், மறு முனை கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டில். அன்றைய விண்டோஸில் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, 9600, 8, நன், 1 என்று நாலு விஷயங்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். வேகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் திரையில் பேய் எழுத்துகள் வரும், அல்லது ஒன்றும் வராது. என் பழைய மொபைல் எண்கள் எல்லாம் மறந்துவிட்டன. இந்த நாலும் மறக்கவில்லை.

பெட்டி வாயைத் திறந்ததும் 'ரூட்டர்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான், அதற்கு மேல் உங்கள் பாடு. அந்த அம்புக்குறி திண்ணை மாதிரி. உட்காரலாம், எட்டிப் பார்க்கலாம், ஒன்றையும் தொட முடியாது. 'எனேபிள்' என்று அடித்தால் ரேழிக்குள் விடும். 'கன்ஃபிகர் டெர்மினல்' என்றால்தான் கூடம். கூடத்திலிருந்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி அறை. ஒரு அறையில் சொல்ல வேண்டியதை இன்னொரு அறையில் நின்று சொன்னால், எழுத்துக்கு அடியில் ஒரு சின்னக் கூரைக் குறியைப் போட்டு, இங்கே தப்பு என்று மட்டும் சொல்லும். என்ன தப்பு என்று சொல்லாது. நாங்கள் முதல் வாரம் முழுக்கக் கற்றது ரூட்டிங் இல்லை. எந்த அறையில் நிற்கிறோம் என்பதை.

மொழியும் விசித்திரமானது. ஒரு போர்ட்டைத் திறக்க 'நோ ஷட்டவுன்' என்று சொல்ல வேண்டும். 'மூடாதே' என்றால்தான் திறக்கும். 'திற' என்று ஒரு கட்டளையே கிடையாது. ஒரு கட்டளையில் எழுத்து மாறிப்போனால் இன்னும் வேடிக்கை. நீங்கள் அடித்ததை ஏதோ ஓர் ஊரிலுள்ள கம்ப்யூட்டரின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டரைத் தேடப் போய்விடும். தேடி முடிக்கும்வரை கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தத் தேடலை நிறுத்த ஒரு வரி இருக்கிறது என்று எங்களுக்கு யாரோ சொன்னபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு வாத்தியாரும் இருந்தார். கேள்விக்குறி. எந்த இடத்திலும் கேள்விக்குறியைத் தட்டினால், இந்த இடத்தில் அடுத்து என்னென்ன சொல்லலாம் என்று பட்டியல் போடும். பட்டியல் திரையை நிறைத்ததும் கீழே ஆங்கிலத்தில் 'மோர்' என்று எழுதி நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த பக்கம். "மோர் வந்தால் ஸ்பேஸ் பாரைத் தட்டு. மோர் வந்தா இன்னும் சோறு இருக்குன்னு அர்த்தம்" என்பார் எங்கள் பயிற்சியாளர். தஞ்சாவூர்க்காரர். விருந்தில் மோர் வந்தால் இலையை மடிக்கும் நேரம் ஆயிற்று என்று பொருள். இங்கே தலைகீழ். நான் கற்றதில் பாதி அந்தக் கேள்விக்குறியைத் தட்டித் தட்டிக் கற்றது. புத்தகங்கள் இருந்தன, சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்கு டாட் லாமில் எழுதிய புத்தகம் ஜெராக்ஸாக எங்களுக்குள் சுற்றியது. பக்கம் ஒன்று விட்டுப்போயிருந்தால், அந்த நிலையத்தில் படித்த எல்லோருக்கும் அந்தப் பக்கத்து விஷயம் மட்டும் தெரியாது.

முதல் பெரிய புதிர் இரண்டு ரூட்டர்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தபோது வந்தது. வயர் சரி, முகவரி சரி, மூடாதே என்றும் சொல்லியாயிற்று. 'சீரியல் ஜீரோ இஸ் அப், லைன் புரோட்டோகால் இஸ் டவுன்' என்றது திரை. ஆள் இருக்கிறார், பேச மறுக்கிறார். இரண்டு நாள் முட்டிக்கொண்டோம். வெளியுலகில் இந்த வயர் தொலைபேசித் துறையின் மோடத்துக்குப் போகும். தாளம் போடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். எங்கள் மேசையில் மோடம் கிடையாது. ஆகவே இரண்டில் ஒரு ரூட்டர் தாளம் போட வேண்டும்: 'கிளாக் ரேட் 64000'. அதை அடித்த மறுகணம் லைன் எழுந்தது. ஒரு பிட் அடுத்த பிட்டிலிருந்து எப்படிப் பிரிகிறது என்பதை எந்த வகுப்பும் எனக்கு அதற்குப் பிறகு நடத்தத் தேவைப்படவில்லை.

சிசிஎன்ஏ என்ற ஆரம்பத் தேர்வே 1998இல்தான் வந்தது. அதற்கு முன்னால் இருந்தது மலையுச்சி மட்டும்: 1993இல் தொடங்கிய சிசிஐஈ. செய்முறைத் தேர்வு அப்போது இரண்டு நாள். முதல் நாள் நீங்கள் ஒரு நெட்வொர்க்கைக் கட்ட வேண்டும். அதில் தேறினால் இரண்டாம் நாள் உண்டு. அன்று நீங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கட்டியதைத் தேர்வாளர் அங்கங்கே உடைத்து வைத்திருப்பார். எங்கே உடைத்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். 2001இல் அதை ஒரு நாளாகச் சுருக்கினார்கள். சுருக்கியது நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சாப்பாட்டு வேளையில் உடைப்பது போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். பின்னால் வேலை என்று நான் பார்த்ததெல்லாம் அதைத்தானே.

அந்த 2001இல் நானும் ஒன்றை உடைத்தேன். ஒரு வங்கியின் கிளைகளை 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைனில் இணைத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மாலை, சென்னையில் உட்கார்ந்தபடி திருநெல்வேலி ரூட்டருக்குள் நுழைந்து, இன்னின்னார் வரலாம் என்று ஓர் அனுமதிப் பட்டியல் எழுதினேன். அந்தப் பட்டியலின் கடைசியில், எழுதாத ஒரு வரி எப்போதும் உண்டு: மற்ற யாரும் வரக்கூடாது. மற்ற யாரும் என்பதில் நானும் அடக்கம். என்டரைத் தட்டினேன். திரை அப்படியே உறைந்தது. வாசலைப் பூட்டிச் சாவியை உள்ளே எறிந்தாயிற்று. கிளை மூடிவிட்டது, சாவி மேலாளரிடம், ராத்திரி பஸ் பிடித்தேன். ஞாயிறு காலை அவர் வேட்டியோடு வந்து கதவைத் திறந்தார். நான் ரூட்டரை அணைத்துப் போட்டேன். எழுதியதைச் சேமிக்கவில்லை என்பதால் பழைய கன்ஃபிக் திரும்பி வந்தது. அவ்வளவுதான் வேலை. "இதுக்கா சார் மெட்ராஸ்லேருந்து வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய் இட்லி போட்டார்.

பத்து நிமிடத்தில் உன்னை நீயே மறுபடி துவக்கிக்கொள் என்று ரூட்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அப்புறம் கை வைக்கலாம் என்பதை அந்தத் திங்கட்கிழமை ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முன்னாடி சொன்னா மண்டையில ஏறாது" என்றார். இப்போதும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இடையில் வந்த மாற்றங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 2005இல் கிறிஸ்டோஃப் ஃபியோ என்பவர் டைனமிப்ஸ் என்று ஒரு மென்பொருள் எழுதினார். சிஸ்கோ ரூட்டரைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொம்மலாட்டமாக ஓட்டும் வித்தை. அதன் மேல் ஜிஎன்எஸ்3 வந்தது. ஒரு லேப்டாப்பில் பத்து ரூட்டர்கள். அதுவரை சென்னை ரிச்சி தெருவில் பழைய 2501களுக்காக அலைந்து, விலை பேசி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோன பையன்கள் அலைவதை நிறுத்தினார்கள். நானும் ஒன்று வாங்கியிருந்தேன். பரணில் ஏறியது.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் என் அக்கா மகன் இருக்கிறான். அவன் அப்பா கேபிள் டிவி ஆபரேட்டர். டிஷ் வைத்து, தெருத்தெருவாகக் கோஆக்சியல் வயர் இழுத்தவர். டிவி பார்ப்பவர்கள் குறையக் குறைய, அதே கம்பங்களில் ஃபைபர் ஏறியது. இப்போது அறுநூறு வீடுகளுக்கு இன்டர்நெட். டிஷ் ரிசீவர்கள் இருந்த அறையில் ஃபைபர்களுக்குத் தலைமைப் பெட்டியான ஓஎல்டி, மைக்ரோடிக் ரூட்டர், யுபிஎஸ், ஒரு ஏசி, ஒரு பிள்ளையார் படம். பையன் பி.காம்.

மைக்ரோடிக் லாட்வியா நாட்டு நிறுவனம். 1996இல் ரீகா நகரில் தொடங்கியது. நான் கற்ற காலத்தில் லட்சங்களில் விலை சொன்ன வேலையை ஆயிரங்களில் செய்யும் பெட்டிகளை விற்கிறது. நம் சிற்றூர் ஆபரேட்டர்கள் அதை விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. வின்பாக்ஸ் என்ற ஒரு சின்ன மென்பொருள். அதைத் திறந்தால், வயர் மாட்டிய பெட்டியை அதுவே கண்டுபிடித்துப் பட்டியலில் காட்டும். முகவரிகூட வேண்டாம். சொடுக்கினால் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும். திண்ணையும் இல்லை, ரேழியும் இல்லை, நேராக அடுப்படி. தமிழில் யூடியூப் பாடங்கள் இருக்கின்றன. பையன் அவற்றைப் பார்த்து, யாரோ கொடுத்த ஸ்கிரிப்டை ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் வாடிக்கையாளர்களை உள்ளே விடும் பிபிபிஓஈ சர்வரை ஓட்டிவிட்டான். எனக்கு அந்த நிலைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. பொறாமையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"மாமா, சில வீட்டுல வாட்ஸ்ஆப் ஓடுதுங்க, யூடியூப் ஓடுதுங்க. பேங்க் பக்கம் மட்டும் திறக்க மாட்டேங்குதுங்க. சுத்திட்டே இருக்குது."

"எல்லா வீட்லயும்மா கண்ணு?"

"இல்லீங்க. ஒரே மாதிரி மலிவு ஓஎன்யூ போட்ட வீட்டுல மட்டும்."

ஓஎன்யூ என்பது வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி. பிங் போகிறது, வேகம் இருக்கிறது, சில பக்கங்கள் மட்டும் இல்லை. இதைக் கேட்டதும் பழைய ஆட்களுக்கு நாக்கில் ஒரே எண் வரும்: 1492. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஈ தன் உறைக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. இது தூரத்தில் இருக்கும் வங்கி சர்வருக்குத் தெரியாது; 1500 பைட்டாகக் கட்டி, பிரிக்காதே என்று முத்திரையும் குத்தி அனுப்பும். நம் ரூட்டர், பெரிதாக இருக்கிறது, சின்னதாகக் கட்டு என்று ஒரு கடிதம் திருப்பி எழுதும். அந்த மாதிரிக் கடிதத்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் சில இடங்களில் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அனுப்பியவர் அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்ப, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்து எளிது. இணைப்பு தொடங்கும்போதே, ஐபி, டிசிபி தலைப்புகள் போக ஒரு தடவைக்கு 1452 பைட்டுக்கு மேல் வேண்டாம் என்று ரூட்டரே பேசி முடித்துவிட வேண்டும். மைக்ரோடிக்கில் அதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. பையன் ஒட்டிய ஸ்கிரிப்ட் அதை 'நோ' என்று வைத்திருந்தது. நல்ல ஓஎன்யூக்கள் தாங்களே இந்த வேலையைச் செய்து அந்த ஓட்டையை மறைத்திருந்தன.

ஒரே ஒரு சொடுக்கு. ஆனால் அந்தச் சொடுக்குக்குப் போய்ச்சேர, பொட்டலம் எப்படி இருக்கும், எதற்குள் எது அடைபடுகிறது, கடிதம் எந்த வழியில் திரும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும். வின்பாக்ஸின் எந்த ஜன்னலிலும் அது எழுதியிருக்காது.

அடுத்தது இன்னும் ரசமானது. 40 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு 100 எம்பிபிஎஸ் போய்க்கொண்டிருந்தது. ஃபாஸ்ட்டிராக் என்று ஒரு வசதி. ரூட்டருக்குச் சுமை குறைய, பழகிய இணைப்புகளின் பொட்டலங்களைச் சோதனைச்சாவடிகளில் நிறுத்தாமல் குறுக்கு வழியில் அனுப்பும். வேகத்தை அளக்கும் வரிசையும் அந்தச் சாவடிகளில் ஒன்று என்பதுதான் சிக்கல். இரண்டு ஜன்னல்கள், இரண்டிலும் தப்பில்லை. ஒன்று மற்றதைச் செல்லாததாக்குகிறது. பல மாதம் இது யாருக்கும் தெரியவில்லை. இந்தப் பிழைக்கு மட்டும் ஒரு வாடிக்கையாளரும் போன் செய்து புகார் சொல்லவில்லை.

இப்படியாக, நான் வாசலில் ஏறிய செங்குத்துப் படிகளை அவன் உள்ளே போய்ச் சமையலறைக்கும் பரணுக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருக்கிறான். அதுவும் அறுநூறு வீட்டுக்காரர்கள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க. எங்களுக்குப் பிழை செய்யச் சும்மா கிடந்த மூன்று பெட்டிகள் இருந்தன. பிழை செய்யாமல் கூடம்வரை போகவே முடியாது. அவனுடைய பெட்டி முதல் நாளிலேயே கடையைத் திறந்துவிட்டது.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. 2018 ஏப்ரலில், கடவுச்சொல்லையே திருட வழிவிடும் ஓட்டை ஒன்று வின்பாக்ஸ் பேசும் அந்த வாசலில் கண்டுபிடிக்கப்பட்டது. மைக்ரோடிக் உடனே அதை அடைத்துப் புது மென்பொருளை வெளியிட்டது. ஆனால் ஆகஸ்டுக்குள் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள், கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை யாருக்காகவோ பரப்பிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவை. ஓடும் பெட்டியை யார் திறந்து பார்ப்பார்கள்?

பெரிய இடங்களில் கதை வேறு. அங்கே இப்போது ரூட்டருக்குள் பெரும்பாலும் யாரும் நுழைவதில்லை. பைத்தானில் எழுதுகிறார்கள், வார்ப்புரு செய்கிறார்கள், ஆன்சிபிள் என்ற கருவி அதை ஒரே நேரத்தில் ஐந்நூறு பெட்டிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2020இல் சிசிஎன்ஏ பாடத்திலேயே தானியக்கம் ஒரு பகுதியாகிவிட்டது. நான் எழுத்தை மாற்றி அடித்தால் ஒரு பெட்டி முழிக்கும். இன்று ஐந்நூறும் ஒன்றாக முழிக்கும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி, பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு இணைப்புகளை மொத்தமாகத் துண்டித்தது. இத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலேயே ஒரு பிழை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இல்லை. சரிசெய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் போய்த்தான் பெட்டிகளைத் தொட வேண்டியிருந்தது. செய்தியைப் படித்தபோது எனக்குத் திருநெல்வேலி இட்லி நினைவுக்கு வந்தது.

போன வருஷம் பையனுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இணைப்பு வந்தது. இணையத்தில் தன் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண் ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். இனி பிஜிபி வேண்டும்: நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் மொழி. 1989இல் இரண்டு பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் நாப்கின் காகிதத்தில் வரைந்து தொடங்கிய நெறிமுறை. இன்றும் இணையம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டான். அது தங்குதடையில்லாமல் கட்டளைகளை எழுதிக் கொடுத்தது. பெட்டி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. மைக்ரோடிக்கின் ரூட்டர்ஓஎஸ் மென்பொருளின் ஏழாம் பதிப்பில் பிஜிபியின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு கொடுத்தது ஆறாம் பதிப்புக்கானது. ஏற்றிருந்தால்தான் எனக்குப் பயம். அந்தக் கட்டளைகளில் வடிகட்டி இல்லை. ஒரு நிறுவனத்திடம் கேட்ட பாதைகளை மற்ற நிறுவனத்திடம் இவன் ரூட்டர் சொல்லிவிட்டால், எங்கெங்கோ போக வேண்டிய லாரிகளெல்லாம் இவன் தெருவுக்குள் திரும்பும். 1997 ஏப்ரல் 25இல் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனத்தின் ரூட்டர் இப்படித்தான் தவறான பாதைகளை அறிவித்து, இணையத்தின் பெரும்பகுதியை மணிக்கணக்கில் தன் பக்கம் இழுத்தது.

ராத்திரி இரண்டு மணிக்குச் செய்வதென்று முடிவு. நானும் போயிருந்தேன். அவன் கை வைக்கும் முன் கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினான். திரையில் 'சேஃப்' என்று வந்தது. இணைப்பு அறுந்துபோனால் செய்ததையெல்லாம் பெட்டியே திரும்ப எடுத்துக்கொள்ளும். 2001இல் இது என்னிடம் இருந்திருந்தால், அந்த மேலாளர் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இரண்டே கால் மணிக்கு 'எஸ்டாப்ளிஷ்டு' என்றது. ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

டீ போட்டுக்கொண்டு வந்தான். "எல்லாம் ஓடுதுங்க மாமா. ஏன் ஓடுதுன்னுதான் எனக்கு முழுசாத் தெரியலீங்க" என்றான்.

அடுத்த முறை போனபோது பரணிலிருந்து 2501ஐ எடுத்துப் போனேன். அவன் லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கினான். அதற்குள் போலிச் சிப். டிரைவர் ஏற்க மறுத்தது. இரண்டாவது மாற்றி வாங்கினான். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. 9600, 8, நன், 1. கடைசியில் 'ரூட்டர்', அம்புக்குறி. அவன் மவுஸைத் தேடினான்.

"அதெல்லாம் இங்கே இல்லை. கேள்விக்குறியைத் தட்டு."

தட்டினான். பட்டியல் ஓடி நின்றது.

"மோர்னு வருதுங்க மாமா."

"ஸ்பேஸ் பாரைத் தட்டு. இன்னும் சோறு இருக்கு."